நட்சத்திரம் குழந்தைக்கு, நாணயம் கம்பெனிக்கு!

இரவு பதினொன்றே முக்கால் மணி. கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து, தலையிலும் சட்டையிலும் பஞ்சுத் தூசியோடு வீடு திரும்புகிறார் நமது நண்பர் ஒருவர். வீட்டில் விளக்கு எரிகிறது. ஏழாவது படிக்கும் மகள் தூங்காமல் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன் கண்ணு, இன்னும் தூங்கலையா?"

"இல்லைங்ப்பா. பன்னெண்டு அடிக்கறதுக்குள்ள ஒரு பாடம் முடிக்கோணும். இல்லைன்னா என்னோட தொண்ணூத்தி நாலு நாளும் போயிருமுங்க."

"எங்கே போயிரும்?"

"மறுபடியும் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கோணுமுங்க."

"சரி, இன்னிக்கு என்ன படிச்சே?"

குழந்தை தயங்கினாள். முதல் மாதத்தில் படித்து முடித்த சுலபமான பாடத்தையே திரும்பவும் போட்டுக்கொண்டிருந்தாள். புதுப் பாடம் எடுத்தால் தப்பு வரும். தப்பு வந்தால் ஆட்டம் நின்றுவிடும். பழைய பாடத்தைத் தட்டினால் பாயிண்ட் மளமளவென்று ஏறும். பட்டியலில் பெயர் மேலே போகும். போனுக்குள் ஒரு பொம்மை கை தட்டும்.

நண்பர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "இது எங்க மில்லு அட்டெண்டன்ஸ் போனஸ் கதையால்ல இருக்குது!"

இவர் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. ஆனால் மெத்தப் படித்த கனவான்கள் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்லாத உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அந்த வீட்டுப் போனில் இருந்தது எந்தக் கம்பெனியின் சரக்கு என்பது முக்கியமல்ல. இப்போது எல்லாச் சரக்கும் ஏறத்தாழ ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகிறது. அந்த அச்சைப் பற்றித்தான் நாம் இந்த வாரம் பேசப்போகிறோம்.

இவர்கள் சொல்லும் நியாயம்

செல்போனில் பாடம் கற்றுத்தரும் கம்பெனிகள் ஒரு பல்லவியை ஓயாமல் பாடுகின்றன. "பிள்ளைகளுக்குப் படிப்பில் ஊக்கமில்லை. பாடம் சலிப்பூட்டுகிறது. நாங்கள் படிப்பையே விளையாட்டாக்கிவிட்டோம். இனி பிள்ளைகள் தாமாகவே படிப்பார்கள்" என்பதே அந்தப் பல்லவி.

விளையாட்டாக்குவது என்றால் என்ன? பாடம் முடித்தால் பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் பதக்கம். தினமும் வந்தால் தொடர்நாள் கணக்கு. ஒருநாள் தவறினால் கணக்கு காலி. வாராவாரம் பந்தயப் பட்டியல். மேலே போனால் அடுத்த படி, கீழே போனால் இறக்கம். தப்பு செய்தால் ஓர் உயிர் குறையும். வராத நாளில் "உன்னைக் காணோமே" என்று பொம்மை அழும். இவ்வளவுதான் இந்த மகத்தான கண்டுபிடிப்பு!

இவர்கள் சொல்லும் நோய் பொய்யல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்திய இணைய வகுப்புகளை ஆராய்ந்து 2019இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. பெயர் பதிந்தவர்களில் பாதிப்பேர் வகுப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2017-18ஆம் ஆண்டில் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்தான். தனியாக ஒரு கண்ணாடிப் பலகையின் முன் உட்கார்ந்து மனிதன் வெகுநாள் படிக்கமாட்டான் என்பதே இதன் பொருள்.

சாதாரண புத்தியுள்ளவன் இதைப் பார்த்து என்ன கேட்பான்? "ஆசிரியர் எங்கே? கூடப் படிக்கும் தோழன் எங்கே? படிக்க நேரம் எங்கே? படித்தால் வாழ்க்கையில் என்ன மாறும்?" என்று கேட்பான். கம்பெனிக்காரன் என்ன செய்தான்? ஆசிரியரை வைத்தால் சம்பளம் தரவேண்டும். பொம்மைக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே பொம்மையை வைத்தான்!

மில்லில் பார்க்காத வித்தையா?

தொழிலாளித் தோழர்களே! உங்கள் பிள்ளைகளின் போனில் இருக்கும் வித்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். இவற்றில் நீங்கள் பார்க்காதது ஏதாவது உண்டா?

தொடர்நாள் கணக்கு என்பது அட்டெண்டன்ஸ் போனஸ். மாதம் முழுவதும் வந்தாலும், குழந்தைக்கு ஜுரம் என்று ஒருநாள் நின்றால் மொத்தமும் போச்சு. உழைத்த நாளுக்குக் கணக்கில்லை. நின்ற ஒருநாளுக்குத்தான் கணக்கு. இதைவிடக் கொடியது ஒன்றையும் நமது நூற்பாலைகள் கண்டிருக்கின்றன. 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, ஏழை வீட்டுப் பெண்களை மூன்று வருஷம் ஒப்பந்தத்தில் பூட்டினார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டினார்கள். உடம்பு முடியாமல் இடையில் வெளியேறிய பெண்களில் எத்தனையோ பேருக்கு அந்தப் பணம் கிடைக்கவேயில்லை. ஒருநாள் விட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தைக் கொண்டு மனிதனைக் கட்டிப்போடும் தந்திரம் இது. இன்று அதே தந்திரத்தைப் பன்னிரண்டு வயதுக் குழந்தையின் மேல் பிரயோகிக்கிறார்கள்.

பந்தயப் பட்டியல் என்பது என்ன? எந்த மெஷினில் எத்தனை கிலோ என்று கரும்பலகையில் எழுதி, தொழிலாளிக்குத் தொழிலாளியை மோதவிடும் அதே பலகை. தப்புக்கு உயிர் குறைப்பது என்பது என்ன? மாஸ்டர் போடும் அபராதம்.

நாம் மிகைப்படுத்துகிறோம் என்று யாராவது நினைத்தால் அமெரிக்காவைப் பார்க்கட்டும். கலிபோர்னியாவில் அனஹைம் நகரத்து டிஸ்னி ஹோட்டல்களின் சலவைக் கூடத்தில் பெரிய திரை ஒன்றை மாட்டினார்கள். தொழிலாளர் பெயர் அதில் ஓடும். வேகமாய் மடித்தால் பச்சை, தாமதித்தால் மஞ்சள், பின்தங்கினால் சிவப்பு. தொழிலாளிகள் அதற்கு 'மின்சாரச் சவுக்கு' என்று பெயர் வைத்த செய்தி 2011இல் பத்திரிகையில் வந்தது. அமேசான் கம்பெனியின் கிடங்குகளில் சாமான் எடுத்து அடுக்கும் வேலையையே திரையில் ஓடும் கார்ப் பந்தயமாகவும் கோட்டை கட்டும் ஆட்டமாகவும் மாற்றிக் காட்டிய செய்தி 2019இல் வெளிவந்தது. கை எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகத் திரையில் கார் ஓடும். கார் ஓடினால் லாபம் யாருக்கு? ஓட்டியவனுக்கா?

நம்மூர் வீதியில் உணவுப் பொட்டலம் சுமந்து பைக்கில் பறக்கும் பையன்களைக் கேளுங்கள். "இன்னும் இரண்டு ஆர்டர் முடித்தால் இன்செண்டிவ்" என்று போன் சொல்லும். ராத்திரி பன்னிரண்டுக்கும் பறப்பான். பள்ளிக்கூடத்தில் பாயிண்டுக்குப் பழகிய பிள்ளை நாளை கிடங்கிலும் வீதியிலும் பாயிண்டுக்கு ஓடுவதில் அதிசயம் என்ன? ஆங்கிலம் கற்றதோ இல்லையோ, இந்த ஒரு பாடத்தை அது நன்றாகக் கற்றிருக்கும்.

புறாவும் பெட்டியும்

இந்த வித்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் ஸ்கின்னர் என்று ஒரு மனோதத்துவ விஞ்ஞானி இருந்தார். புறாவைப் பெட்டியில் அடைத்து, கொத்தினால் தானியம் விழும்படி செய்து ஆராய்ந்தவர். கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால், தானியம் நின்றவுடன் புறாவும் விரைவில் நின்றுவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் அவ்வப்போது விழுந்தால், தானியம் நின்ற பிறகும் வெகுநேரம் விடாமல் கொத்தும். சூதாட்டக்காரன் ஏன் எழுந்து போவதில்லை என்பதன் ரகசியம் இதுதான். ஸ்கின்னர் 1953இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப்போனார். விடை சரியா தப்பா என்று தெரியாமல் பிள்ளைகள் காத்துக்கிடப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே 'கற்பிக்கும் இயந்திரம்' ஒன்றை அறிமுகப்படுத்தினார். அந்த மனிதர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நாம் சொல்லவில்லை. விடை உடனே தெரிவது நல்லதுதான். ஆனால் பின்னால் வந்த வியாபாரிகள் அவருடைய பாடத்தை விட்டுவிட்டுப் புறாப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பரிசு கொடுத்தால் படிப்பில் ஆசை வளருமா? இதற்கும் விஞ்ஞானமே பதில் சொல்லியிருக்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக் குழந்தைகள் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள். எல்லோரும் படம் வரைவதில் ஆசையுள்ளவர்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் "வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்தபின் கொடுத்தார்கள். வேறு சிலருக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பரிசே இல்லை.

சில நாள் கழித்து வகுப்பில் வர்ணப் பேனாக்களை வைத்துவிட்டுச் சும்மா கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள், மற்றப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். நட்சத்திரம் கிடைக்காவிட்டால் படம் எதற்கு என்று ஆகிவிட்டது! ஆசையாய்ச் செய்துவந்த காரியம் கூலி வேலையாகிவிட்டது. அந்தக் குழந்தைகளுக்கு வரையும் ஆசையை யாரும் ஊட்டவில்லை. அது அவர்களிடமே இருந்தது. தங்க நட்சத்திரம் வந்து அதைத் திருடிக்கொண்டு போய்விட்டது.

பெட்டிக்குள் விழும் பணம்

இனிக் கணக்குக்கு வருவோம். இந்த வியாபாரத்தில் உலகப் பிரசித்தி பெற்றது டுவோலிங்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி; பச்சை ஆந்தை அதன் சின்னம். 2011இல் பிட்ஸ்பர்க் நகரில் லூயிஸ் வான் ஆன் என்பவரும் செவரின் ஹாக்கர் என்பவரும் தொடங்கியது. உலகத்துக்கெல்லாம் இலவசமாகப் பாஷை கற்பிப்போம் என்று முழங்கியது. இலவசமாகப் பாடம் தருவதும் உண்மை. அதனால் நாலு வார்த்தை கற்றுக்கொண்ட ஏழைகளும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் ஆரம்பத்தில் பணம் எங்கிருந்து வந்தது? படிக்க வந்தவர்களிடம் பயிற்சி என்று வாக்கியங்களைக் கொடுத்து மொழிபெயர்க்கச் செய்தார்கள். அந்த மொழிபெயர்ப்பை சி.என்.என்., பஸ்பீட் போன்ற செய்தி ஸ்தாபனங்களுக்கு விற்க 2013இல் ஒப்பந்தம் போட்டார்கள். மாணவனின் வீட்டுப்பாடமே சரக்கு! கூலியில்லாத வேலையாளுக்கு 'மாணவன்' என்று பெயர். பிறகு அந்த வழியைக் கைவிட்டார்கள். விளம்பரமும் சந்தாவும் வந்தன. 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குள் போனார்கள். 2024ஆம் ஆண்டில் வருமானம் சுமார் 74.8 கோடி டாலர். மாதம் ஒருமுறையாவது வருகிறவர்களில் பணம் கட்டுபவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இருந்தும் வருமானத்தில் பெரும்பகுதி அவர்களின் சந்தாதான்.

அப்படியானால் பணம் கட்டாதவனைப் பணம் கட்டவைப்பது எப்படி? அங்கேதான் 'விளையாட்டு' வருகிறது. வெகுகாலம் இலவச மாணவனுக்கு ஐந்து இதயம் கொடுத்தார்கள். ஒரு தப்புக்கு ஓர் இதயம் போகும். ஐந்தும் போனால் நிற்கவேண்டும், காத்திருக்கவேண்டும், அல்லது விளம்பரம் பார்க்கவேண்டும், அல்லது காசு கட்டவேண்டும். காசு கட்டியவனுக்கோ எத்தனை தப்பும் செய்ய உரிமை உண்டு!

இந்த அநியாயத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். தப்பு செய்யாமல் பாஷை கற்ற மனிதன் உலகத்தில் உண்டா? "அப்பா" என்று சொல்வதற்குள் குழந்தை நூறுமுறை குளறவில்லையா? தறியில் புதிதாக நிற்பவன் இழை அறுக்காமல் தொழில் கற்கிறானா? நாற்று நடப் பழகும் பெண் முதல் நாளே வரிசை பிசகாமல் நடுகிறாளா? தப்பு செய்வதுதான் கற்பது. அந்தத் தப்புக்கே அபராதம் போட்டு, பணக்காரனுக்கு மட்டும் அபராதத்தைத் தள்ளுபடி செய்வதற்குப் பெயர் கல்வியா? 2025இல் இதயத்தை மாற்றி 'சக்தி' என்ற புதுக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். இதில் சரியான விடை சொன்னாலும் சக்தி செலவாகும். தப்புக்கு அபராதம் போய், படிப்புக்கே அபராதம் வந்துவிட்டது!

இவை தற்செயலாக நடப்பவை என்று நினைத்து ஏமாறவேண்டாம். கற்பதைச் சமூக ஊடகம்போல் போதையாக்குவது எப்படி என்பதுதான் வான் ஆன் 2023இல் வெளியிட்ட உரையின் தலைப்பே. நாம் குற்றம் சாட்டவேண்டிய அவசியமே இல்லை. அவர்களே மேடையேறிப் பெருமையாகச் சொல்கிறார்கள். காய்கறி தின்ன மறுக்கும் பிள்ளைக்குக் காய்கறியை இனிப்பாக்குகிறோம் என்பது அவர்கள் வாதம். நாம் கேட்கிறோம்: இனிப்பு மட்டும் உள்ளே போய்க் காய்கறி தட்டிலேயே இருந்தால்? தொண்ணூற்று நாலாம் நாள் இரவில் பழைய பாடத்தையே தட்டிக்கொண்டிருந்த அந்தக் குழந்தை தின்றது எதை?

பாடம் தயாரித்த உழைப்பாளிகளின் கதி என்ன? 2023ஆம் ஆண்டின் கடைசியில் ஒப்பந்த ஊழியரில் பத்தில் ஒரு பங்கை அந்தக் கம்பெனி நிறுத்தியது. 2025 ஏப்ரலில், செயற்கை அறிவு இயந்திரம் செய்யக்கூடிய வேலைக்கு ஒப்பந்த ஊழியரை வைப்பதைப் படிப்படியாக நிறுத்துவோம் என்று தலைவரே கடிதம் எழுதினார். எதிர்ப்பு கிளம்பியதும் சொன்னதைச் சற்று மென்று விழுங்கினார். மாணவனுக்குப் பொம்மை, ஆசிரியனுக்குச் சீட்டுக் கிழிப்பு!

நம் நாட்டுச் சரக்கு

அந்நியக் கம்பெனிதான் இப்படி என்று நினைக்கவேண்டாம். நம் நாட்டில் பைஜூஸ் என்ற கம்பெனி எழுந்த கதையும் விழுந்த கதையும் ஊரறிந்தது. 2015இல் செயலியை வெளியிட்டது. 2019இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயரை எழுதிக்கொண்டது. கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தில் கொழுத்தது. 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று பறைசாற்றினார்கள். அந்த வருஷம் அக்டோபரில் 2,500 ஊழியரை வெளியேற்றப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே கால்பந்து வீரர் மெஸ்ஸியை விளம்பரத் தூதராக நியமித்தது! டிசம்பரில், பெற்றோரை வற்புறுத்தி விற்கிறார்கள் என்ற புகார் பற்றி விளக்கம் கேட்டுக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புத் தேசிய ஆணையம் அதன் தலைவருக்குச் சம்மன் அனுப்பியது. 2024 ஜூலையில் கிரிக்கெட் வாரியத்தின் 158 கோடி ரூபாய் பாக்கி வழக்கில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போயிற்று.

இதே காலத்தில் கிராமத்துப் பிள்ளைகளின் நிலைமை என்ன? 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏழைக் குடும்பங்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கிராமத்துப் பிள்ளைகளில் முறையாக இணையத்தில் படித்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். அடியோடு படிப்பே இல்லாதவர்கள் நூற்றுக்கு முப்பத்தேழு பேர்.

நாம் நேரில் கேட்ட ஒரு சங்கதியையும் சொல்லவேண்டும். இது வேறு கம்பெனி; சிறியது; பெயர் வேண்டாம். தஞ்சைப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மாவின் வீட்டுக்கு டை கட்டிய இளைஞன் ஒருவன் வந்தான். "உங்க பையன் நல்லாப் படிக்கிறான்மா. இந்த ஆப்பில விளையாடிக்கிட்டே படிப்பான். இப்ப காசு வேண்டாம்" என்றான். பையனுக்குப் போனில் பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டினான். பையன் 'தங்கப் பதக்கம்' வாங்கினான். தாயின் கண்ணில் தண்ணீர். கைரேகை வைத்தாள். அடுத்த மாதம் முதல் பாங்குக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போயிற்று. ரேஷன் கடைக்குப் போக எடுக்கலாம் என்று போனபோதுதான் கணக்கில் காசில்லை என்று தெரிந்தது. அவள் கையெழுத்திட்டது பாடத்துக்கல்ல, கடனுக்கு! அந்த இளைஞன்மேல்கூட நமக்குக் கோபமில்லை. அவனுக்கும் மாதம் இத்தனை வீடு என்று 'டார்கெட்' உண்டு. அவன் பெயரும் ஏதோ ஒரு பட்டியலில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

விளையாட்டுக்கு நாம் விரோதியல்ல

"உங்களுக்கு எல்லாமே தப்புத்தான், பிள்ளைகள் விளையாடக்கூடாதா?" என்று சில புண்ணியவான்கள் கேட்பார்கள்.

நன்றாக விளையாடட்டும்! நமது பெண்கள் பல்லாங்குழியில் புளியங்கொட்டை போட்டுக் கணக்குக் கற்றார்கள். திண்ணையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடியவன் முன்யோசனை கற்றான். ஆனால் பல்லாங்குழி யாரையும் நடு இரவில் எழுப்பியதுண்டா? நேற்று ஆடவில்லை என்று நேற்றுவரை ஜெயித்ததைப் பிடுங்கிக்கொண்டதுண்டா? புளியங்கொட்டை, ஆடுகிறவளின் பெயரையும் வயதையும் பழக்கத்தையும் கம்பெனிக்கு அனுப்பியதுண்டா? 2022இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் 49 நாடுகளின் 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் 146, குழந்தைகளின் உரிமைக்குப் பங்கமோ ஆபத்தோ விளைவிக்கும் வகையில் தகவலைக் கையாண்டன என்று அறிவித்தது. இதுதான் வித்தியாசம். விளையாட்டில் ஆடுகிறவன் எஜமானன். இந்தப் பெட்டியில் ஆட்டுவிக்கிறவன் எஜமானன்.

இயந்திரத்துக்கும் நாம் விரோதியல்ல. கற்றதைச் சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் நினைவுபடுத்தினால் மனதில் நிற்கும் என்ற உண்மை 1885இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். அதை நினைவுபடுத்தித் தருவதற்கு இயந்திரம் நல்ல வேலைக்காரன். உச்சரிப்பைக் கேட்க, எழுத்துப் பழக, சந்தேகம் பார்க்கப் போன் உதவட்டும். அதற்கு இதயம் எதற்கு? அழும் பொம்மை எதற்கு? கடன் பத்திரம் எதற்கு?

ஊக்கம் எங்கே பிறக்கிறது?

உழைக்கும் ஜனங்களுக்குப் படிப்பில் ஊக்கமில்லை என்பது பச்சைப் பொய். 1963இல் பிரேசில் நாட்டின் வடகிழக்கு மூலையில் அங்கிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ பிரெய்ரே என்ற ஆசிரியர் சுமார் 300 தொழிலாளருக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தினார். அவரும் தோழர்களும் முதலில் ஜனங்களின் பேச்சைக் கேட்டார்கள். அவர்கள் வாழ்க்கையில் கனமாக இருக்கும் சொற்களைப் பொறுக்கினார்கள். அந்தச் சொற்களையே பாடமாக்கினார்கள். சுமார் நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கத் தொடங்கினார்கள் அந்த உழைப்பாளிகள். பாயிண்ட் கிடையாது, பதக்கம் கிடையாது. தன் வாழ்க்கை எழுத்தில் தெரிவதைக் கண்டபோது பிறந்த ஊக்கம் அது. அதன் வலிமையை ஆள்வோரும் அறிந்திருந்தார்கள். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் திட்டத்தை மூடியது. பிரெய்ரேயைச் சிறையில் போட்டது. ஆந்தைப் பொம்மையை எந்த சர்க்காராவது சிறையில் போட்டதாகக் கேள்விப்பட்டதுண்டா?

அவ்வளவு தூரம் எதற்கு? 1991இல் நமது புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் வெயிலில் காய்ந்த பெண்கள் ராத்திரி விளக்கடியில் வந்து உட்கார்ந்தார்கள். தொண்டர்கள் கூலி வாங்காமல் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஊரார் கேலியை மிதித்துத் தள்ளிக்கொண்டு சைக்கிள் மிதித்தார்கள். விழுந்தார்கள், முழங்கால் தேய்ந்தது, மறுபடி ஏறினார்கள். விழுந்ததற்கு யாரும் 'உயிர்' குறைக்கவில்லை. பக்கத்தில் ஓடிவந்த தோழி தூக்கிவிட்டாள். பஸ்ஸுக்குக் காத்திராமல், ஆணைக் கெஞ்சாமல் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தானே போகலாம் என்பதுதான் அவர்களுக்கு ஊக்கம். கூலிக் கணக்கில் ஏமாற்ற முடியாது என்பதுதான் பதக்கம்.

படிப்பதால் தன் வாழ்வு தன் கைக்குள் வரும் என்று தெரிந்தால், பக்கத்தில் ஒரு தோழன் இருந்தால், தவறினால் சிரிக்காமல் திருத்தும் ஆசிரியர் இருந்தால், மனிதன் படிப்பான். இம்மூன்றையும் பறித்துவிட்டு நட்சத்திரம் ஒட்டுவது, சோற்றைப் பறித்துவிட்டு இலையில் கோலம் போடுவதுபோல.

நாம் கேட்பது என்ன?

2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகம் ஓர் அறிக்கை விட்டது. கல்விக் கம்பெனிகளிடம் எச்சரிக்கையாயிருங்கள், சந்தாவுக்குத் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டைத் தவிருங்கள் என்று பெற்றோருக்குப் புத்திமதி சொன்னது. திருடனைப் பிடிக்காமல், வீட்டைப் பூட்டிக்கொள் என்று சொல்லும் காவல் இது! புத்திமதி போதாது. நாம் கேட்பது இவை:

1. குழந்தைப் பாடச் செயலிகளில் ஒருநாள் தவறினால் எல்லாம் பறிபோகும் கணக்கும், இரவு நேரத்து அழைப்பும், தப்புக்குக் காசும் தடை செய்யப்படவேண்டும்.

2. பாடச் சந்தாவைக் கடன் பத்திரத்தோடு கட்டி விற்பது நிறுத்தப்படவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் வாங்கிய இத்தகைய ஒப்பந்தங்கள் ரத்தாகவேண்டும்.

3. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் 2023ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு தடுக்கிறது. விதிவிலக்குகளைக் காட்டி அதை ஓட்டையாக்காமல் கண்டிப்பாக அமல் நடத்தவேண்டும்.

4. செயலிக்குக் கொட்டும் பணம் ஆசிரியருக்கும் நூலகத்துக்கும் மாலை வகுப்புக்கும் போகவேண்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதா? இல்லை. ஆரம்பத்தில் சொன்ன நண்பர் என்ன செய்தார் தெரியுமா? அன்று இரவு மகளைத் திட்டவில்லை, போனைப் பிடுங்கவுமில்லை. மறுநாள் தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து அவள்முன் வைத்தார். "இதுல இங்கிலீஷ்ல என்னென்னமோ போட்டிருக்காங்க கண்ணு. பதினெட்டு வருஷமா எனக்குப் புரியலை. படிச்சுச் சொல்லு" என்றார். குழந்தை தடுமாறினாள். தெரியாத சொல்லுக்குப் போனிலேயே அர்த்தம் பார்த்தாள். பி.எஃப். என்றால் என்ன, இ.எஸ்.ஐ. என்றால் என்ன என்று அப்பாவும் மகளும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார்கள். 'இதர பிடித்தம்' என்று மாதாமாதம் போகும் தொகை எதற்கு என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சீட்டோடு இன்னும் ஆறு பேர் அந்தத் திண்ணைக்கு வந்தார்கள். அந்தக் குழந்தைதான் படித்துக் காட்டினாள். திங்கட்கிழமை ஏழு பேரும் சேர்ந்து ஆபீஸில் போய் அந்தப் பிடித்தம் என்னவென்று கேட்டார்கள்.

தொண்ணூற்று நாலு நாள் கணக்கு என்ன ஆயிற்று? அந்த வாரத்திலேயே அறுந்துபோயிற்று. பொம்மை அழுததாம். குழந்தை கவனிக்கவில்லை, அவளுக்கு வேலை இருந்தது.

தோழர்களே! உங்கள் வீட்டிலும் சம்பளச் சீட்டு இருக்கிறது. பட்டா நகல் இருக்கிறது. பாங்குப் புத்தகம் இருக்கிறது. மருந்துச் சீட்டு இருக்கிறது. பிள்ளைகளின் கையில் அவற்றைக் கொடுங்கள். திண்ணையில், சங்க ஆபீஸில், கோயில் மண்டபத்தில் வாரம் ஒருநாள் கூடிப் படியுங்கள். ஆசிரியர் போதாத பள்ளிக்கு ஆசிரியர் கேட்டு ஊர் கூடிப் போங்கள். பரிசுக்காகப் படிக்கும் பிள்ளை பரிசு நின்றால் நிற்கும். உண்மையைத் தெரிந்துகொள்ளப் படிக்கும் பிள்ளையை எந்தக் கம்பெனியாலும் நிறுத்த முடியாது!